முந்திச் சொன்ன நன்றி

அவல் ஊறுகிறது, பித்தளைத் தாம்பாளத்தில், நான் ஊற்றிய தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு, நெடுநேரம் குளித்தவன் விரல் நுனிபோல் வெளுத்துப் பருத்துக்கொண்டிருக்கிறது, இவ்வளவு தண்ணீர் ஆகாது, அவலைத் தெளித்து நனைக்க வேண்டும், தெளித்துத் துணியால் மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும், அது தானாக இளகிக்கொள்ளும், அறுபத்திரண்டு வயதில் இதுகூடத் தெரியாதா, தெரிந்தும் கை செம்பைச் சாய்த்துவிட்டது, எப்போதும் அவசரப்படுகிற கை, சிம்ஹா கல்யாணமான புதிதில் எனக்கு வைத்த பேர் முந்திரிக்கொட்டை, எட்டு மணி வண்டிக்கு ஆறரைக்கே பிளாட்பாரத்தில் போய் நிற்பவன், ரயில்வேக்காரருக்கே ரயில்மேல நம்பிக்கை இல்லியா என்று சிரிப்பாள், அப்போது அந்தப் பேரில் செல்லம் இருந்தது. இப்போது அவள் முன்னறையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள், தேங்காய் துருவிய சத்தம் கேட்டிருக்கும், ஏலக்காய் வாசனை போயிருக்கும், ஒரு வருஷமாக இந்த வீட்டுக்குள் வராத அவலை நான் கடையில் வாங்கி வந்து பிரித்ததும் தெரிந்திருக்கும், திரும்பிப் பார்க்கவில்லை. இன்றோடு எங்கள் நாட்காட்டிப்படி எலிஷேபா போய் ஒரு வருஷம், எங்கள் மகள், ஒரே மகள், பத்தொன்பது வயது. அவள் போன அன்று இந்தத் தாம்பாளத்து அவலைக் கொண்டு நான் செய்த ஒரு காரியத்தைச் சிம்ஹாவிடம் மறைத்துவிட்டேன், இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன், சொன்னால் இந்த வீட்டில் மிச்சமிருக்கிற கொஞ்சப் பேச்சும் நின்றுபோகலாம், சொல்லாவிட்டால் என் நெஞ்சு நின்றுபோகும்.

நாங்கள் யூதர்கள், பொன்மலையில் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் மேலும் கீழும் பார்ப்பார்கள், பாய் வீடா என்பார்கள், சர்ச்சுக்குப் போறவங்களா என்பார்கள், இரண்டும் இல்லை என்றால் பிறகு என்னதான் என்பார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் கடைசிவரைக்கும் என்னைக் கிறிஸ்தவப் பிள்ளைகளோடுதான் வரிசையில் நிறுத்தினார், போகட்டும் என்று நானும் நின்றேன். தாத்தா கொங்கணக் கரையிலிருந்து ரயில்வே பணிமனை வேலைக்கு வந்தவர், அவருக்கு முந்தியவர்கள் அங்கே எண்ணெய் ஆட்டினார்கள், சனிக்கிழமை செக்கு ஓடாது, அதனால் ஊர்க்காரர்கள் எங்களுக்குச் சனிக்கிழமை வாணியர் என்று பேர் வைத்திருந்தார்களாம். எலியாஹு தீர்க்கதரிசி அந்தக் கரைக்கு வந்தார், அங்கே ஒரு பாறையில் அவர் தேரின் தடம் இன்றும் இருக்கிறது என்று அப்பா சொல்வார், அவர் சொன்னபோது நான் நம்பினேன், பிறகு நம்பவில்லை, எலிஷேபா பிறந்தபோது மறுபடி நம்பினேன். எங்களுக்குப் பெரிய கோயில் கிடையாது, ஊர்கூட்டித் திருவிழா கிடையாது, மலிதா உண்டு, ஒரு நல்லது நடந்தால், ஒரு கெட்டது விலகினால், அவலில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலமும் கலந்து ஐந்து பழம் வைத்து எலியாஹுவைப் பாடி நன்றி சொல்லி எல்லோரும் தின்பது, அவ்வளவுதான், நன்றி சொல்லாத வீட்டில் அவருக்கு உட்கார நாற்காலி கிடையாது என்பார் அப்பா. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் சிம்ஹாவுக்குப் பிள்ளை இல்லை, வடக்கே தாணேயிலிருந்து வந்தவள், பக்கத்து வீட்டுப் பிலோமினாவிடம் தமிழ் கற்றுக்கொண்டவள், அதனால் ஆரம்பத்தில் பிலோமினா மாதிரியே மாதாவே மாதாவே என்பாள், அப்பா திடுக்கிட்டுப்போய் என்னைப் பார்ப்பார், பன்னிரண்டாம் வருஷம் எலிஷேபா பிறந்தாள், நாற்பதாம் நாள் வைத்த மலிதாவைக் காலனியே தின்றது.

அவள் வளர வளர இந்த வீட்டில் நன்றி ஒரு தொற்றுமாதிரி ஆகிவிட்டது, எங்கள் வழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு நன்றிச் சொல் உண்டு, ரொட்டிக்கு ஒன்று, மரத்துப் பழத்துக்கு ஒன்று, தரையில் விளைவதற்கு ஒன்று, இடிக்கு, வானவில்லுக்கு, பூவை முகர்ந்தால் அதற்கு, ஒரு நாளைக்கு நூறு சொல்ல வேண்டும் என்பது விதி, என் அப்பா பத்துச் சொன்னால் அதிகம், நான் மூன்று, எலிஷேபா நூறையும் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள். கழிவறையிலிருந்து வந்தாலும் சொல்ல ஒன்று இருக்கிறது, உடம்பில் திறக்க வேண்டியது திறந்தது, மூட வேண்டியது மூடியிருக்கிறது, ஒன்று மாறியிருந்தாலும் உன் முன்னால் நின்றிருக்க மாட்டேன் என்று, அவள் கைகழுவிவிட்டு வாசற்படியில் நின்று கண்ணை மூடி முணுமுணுக்கிறாள், ஈரக்கை பாவாடையில், நான் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு, வயிறு சரியில்லாத அன்னிக்கு உனக்கு நூறு சீக்கிரம் முடிஞ்சிடும்மா என்கிறேன், பப்பா போங்க என்று தண்ணீரைத் தெறிக்கிறாள், அந்தத் தண்ணீர் இப்போதும் என் முகத்தில் விழுகிறது, துடைத்துப் பார்த்தால் காய்ந்த முகம். தாவரவியல் படித்தாள், கல்லூரியில் எந்தச் செடியைப் பார்த்தாலும் இது மரமா தரையா என்றுதான் முதலில் கேட்பாளாம், வாழை மரமில்லை பப்பா, வெறும் செடி, நம்ம பெரியவங்க அன்னிக்கே கண்டுபிடிச்சு வேற நன்றி வச்சிருக்காங்க பாருங்க என்று அவளுக்கு ஒரே பெருமை. ஏன்டீ இவ்வளவு நன்றி, அவருக்கே சலிச்சுப்போகாதா என்று நான் ஒருமுறை கேட்டேன், அவள் சிரிக்காமல் சொன்னாள், மாடு புல்லத் தின்னுது, அதுக்குச் சொல்லத் தெரியாது, நமக்குத் தெரியும், அதுக்குத்தான் நம்மள அனுப்பியிருக்கு, வேற எதுக்கு. காலையில் கண் விழித்ததும் கால் தரையில் படுமுன், என் உயிரை எனக்குத் திருப்பித் தந்ததற்கு நன்றி என்பாள், சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும், நான் எழுவதற்கு அதுதான் மணி.

மழை விட்ட மாதத்தில் காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், கொசுக் காய்ச்சல்தான், ரத்தத்தில் தட்டணு குறைகிறது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். சிம்ஹா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேர்ந்துகொண்டாள், பிள்ளை நல்லபடியா எந்திரிச்சு வீட்டு வாசப்படி மிதிக்கட்டும், எலியாஹுவுக்கு மலிதா வைக்கிறேன் என்று, வாசப்படி மிதிக்கட்டும் என்று சொன்னாள், தெளிவாகச் சொன்னாள், நான் பக்கத்தில்தான் நின்றேன். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது, தொட்டுப் பார்த்தேன், நெற்றி சில்லென்றிருந்தது, டாக்டர் வந்து, காய்ச்சல் விட்டது நல்லதுதான், ஆனா இனிமேத்தான் கவனமா இருக்கணும் என்றார், அந்த முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்தது, மறுபாதியை விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஏன் அவ்வளவு அவசரம், பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் பிறந்துவிடும், அப்புறம் அடுப்பு மூட்ட முடியாது, எதையும் செய்ய முடியாது, நேர்ந்ததைத் தள்ளிப்போடக் கூடாது என்று அப்பா சொல்வார், இதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம், உண்மை என்னவென்றால் சந்தோஷம் தாங்கவில்லை, பிளாட்பாரத்தில் போய் நின்றுவிட்டேன். கடையில் அவல், தேங்காய், ஐந்து பழம், பன்னீர் ரோஜா இரண்டு, வீட்டில் செம்பைச் சாய்த்தேன், தண்ணீர் கூடிவிட்டது, பிழிந்தேன், மாவாக ஒட்டிக்கொண்டது, பரவாயில்லை என்று சர்க்கரையைக் கொட்டினேன், எலியாஹுவுக்கான நாற்காலியைத் துடைத்துச் சுவரோரம் போட்டேன், தனியாக நின்று பாடினேன், என் குரல் எனக்கே நன்றாக இருந்தது, பிலோமினா எட்டிப் பார்த்து, என்னண்ணே, பாப்பா வந்துட்டாளா என்றாள், வந்த மாதிரிதாம்மா என்றேன், ஒரு தட்டு நிறையக் கொடுத்தேன்.

மிச்சத்தை எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொண்டு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன், சிம்ஹா வெந்நீர் வாங்கக் கேன்டீனுக்குப் போயிருந்தாள், எலிஷேபா கண் திறந்து படுத்திருந்தாள், உதடு காய்ந்திருந்தது, கஞ்சித் தண்ணி மட்டும் குடுங்க என்று நர்ஸ் சொல்லியிருந்தாள், நான் டப்பாவைத் திறந்தேன். ஏலக்காய் வாசனைக்கு அவள் மூக்கு அசைந்தது, மலிதாவா பப்பா, அதுக்குள்ளயா, என்றாள், ஆமாம்மா, காய்ச்சல்தான் விட்டுடுச்சே, நன்றி சொல்லியாச்சு என்றேன், நான் ஆமேன் சொல்லலியே, மறுபடி சொல்லுங்க என்றாள், சொன்னேன், ஆமேன் என்றாள், குரல் இல்லை, உதடுதான். ஒரு ஸ்பூன், ஒரே ஒரு ஸ்பூன், மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று, பிறகு என்னைப் பார்த்து, அந்தக் கிண்டல் கண்ணோடு, தண்ணி அதிகமாயிடுச்சு பப்பா என்றாள். மாடிப்படியில் சிம்ஹாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன், என்னத்துக்கு மூடினேன், கஞ்சித் தண்ணீர் என்று சொன்னார்களே என்ற பயம், வாசற்படி மிதிக்கட்டும் என்றாளே என்ற பயம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அப்புறம் என்று ஒன்று வரவில்லை, மூன்று மணிக்கு வயிற்றுவலி என்றாள், கை கால் சில்லிட்டது, டாக்டர் ஓடி வந்தார், எங்களை வெளியே நிறுத்தினார்கள், ஐந்து மணிக்கு முன்னால் முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பொழுது இறங்கிவிட்டது, ஓய்வுநாள் பிறந்துவிட்டது, விளக்கேற்றும் நேரம் தாண்டிவிட்டது, வீட்டில் விளக்கேற்ற யாரும் இருந்திருக்கவில்லை, பிலோமினா மெழுகுவர்த்தியோடு வந்தாள், சிம்ஹா கையைப் பிடித்துத் தடுத்தாள், நேரம் போச்சு அக்கா, இனி ஏத்தக் கூடாது என்றாள், அவள் அன்று பேசிய ஒரே வாக்கியம் அது. கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது, அதன் பக்கவாட்டில் ஒரு பச்சைப் பொட்டு வெளிச்சம், எங்கள் வீட்டு ஓய்வுநாள் விளக்கு அன்று அதுதான். சனிக்கிழமை அடக்கம் செய்யக் கூடாது, சத்தம்போட்டு அழக் கூடாது, ஓய்வுநாளில் துக்கம் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், இது எங்கள் சட்டம், பிலோமினாவின் புருஷர் அருளப்பன் என்னைத் தனியே கூப்பிட்டு, ஏன் மாப்ள இன்னும் வச்சிருக்கீங்க, ஊர்லேர்ந்து யாராவது வரணுமா என்று கேட்டார், யாரும் வர வேண்டியதில்லை, நாங்கள் சும்மா இருக்கிறோம், படைத்தவர் ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் இளைப்பாறினாரே, அதற்காக, என்று சொல்லியிருக்க வேண்டும், ஆமாண்ணே என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிம்ஹாவும் பிலோமினாவும் கதவைச் சாத்திக்கொண்டு அவளைக் குளிப்பாட்டினார்கள், வெள்ளைப் பருத்தியில் சுற்றினார்கள், கல்லறைத் தோட்டத்தில் மேற்குச் சுவரோரம் இடம் விட்டார்கள், என் அப்பாவுக்கும் அங்கேதான். செத்தவர்களுக்காகச் சொல்கிற ஜெபம் ஒன்று உண்டு, அதில் சாவு என்ற சொல்லே கிடையாது, முதலிலிருந்து கடைசிவரை அவர் பேரைப் புகழ்வதுதான், அதைச் சொல்ல எங்கள் ஆட்கள் பத்து ஆண்கள் வேண்டும், நான் ஒருவன், அருளப்பனும் பணிமனை நண்பர்கள் எட்டுப் பேரும் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள், பத்துதான், சரியாகப் பத்து, ஆனால் சட்டப்படி ஒன்று. புத்தகத்தை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றேன், சொல்ல முடியாததில் உள்ளூர ஒரு நிம்மதி, அவரைப் புகழ அந்த நேரம் என் வாயில் எதுவும் இல்லை.

எங்கள் துக்க வழக்கப்படி ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்தோம், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பிலோமினா வாய்தவறி அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லிவிட்டாள், பாவம் அண்ணன் அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமாப் பாட்டுப் பாடிக் குடுத்தாரு என்று. அன்று சிம்ஹா என்னைப் பார்த்த பார்வை, அதற்குப் பிறகு அந்தப் பார்வையிலிருந்து நான் வெளியே வரவேயில்லை, நீங்க முந்திக்கிட்டீங்க, நன்றி சொல்லிட்டீங்க, சரி வேலை முடிஞ்சுதுன்னு அவரு கையை எடுத்துட்டாரு என்றாள், முந்திரிக்கொட்டை என்றாள், செல்லம் போய்விட்ட அந்தச் சொல்லை முதல்முறை கேட்டேன். நானும் அதையே அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் சோற்றில் கை வைக்கும்போது, பிள்ளை வெறும் வயித்தோட போச்சு என்பாள், முதல் கவளத்தைத் தட்டின் ஓரம் ஒதுக்குவாள், நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், கொஞ்சநேரம் பார்ப்பாள், வெறும் வயித்தோட போச்சு, நான் குனிந்துகொள்வேன், அந்த ஒரு ஸ்பூன் என் தொண்டையில் வந்து நிற்கும். இல்லை சிம்ஹா, தின்றாள் என்று சொன்னால் அவள் மனம் ஆறுமா, இல்லை, அதையும் நீதான் ஊட்டினாயா, அதுதான் கொன்றதா என்பாளா, வேறொரு டாக்டரிடம் யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன், ஒரு ஸ்பூன் அவலா, அது ஒண்ணும் பண்ணாதுங்க என்று சிரித்தார், வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பை நம்ப முடியவில்லை. கனவில் அந்த நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார், தாடியெல்லாம் ஈரம், மடியில் தாம்பாளம், அள்ளி அள்ளித் தின்கிறார், நான் எதிரே நின்று, கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள், நான் தெரியாமல் முந்திச் சொல்லிவிட்டேன் என்கிறேன், அவர் தலையைத் தூக்கவில்லை, தின்றுகொண்டே இருக்கிறார். விழித்தால் காலை, கண் திறந்ததும் அந்தப் பழைய வார்த்தைகள் தானாக உதட்டுக்கு வரும், என் உயிரைத் திருப்பித் தந்ததற்கு, என்று தொடங்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன், யார் கேட்டார்கள் இதை, எதற்குத் திருப்பித் தந்தாய், அடுத்த அறையில் தர வேண்டியதை எனக்குத் தந்துவிட்டாயா, முகவரி தெரியாதா உனக்கு. இப்படி ஒரு வருஷம், ஒருநாளும் நன்றி சொல்லாமல், புல் தின்கிற மாடாக.

அவல் ஊறிவிட்டது, ஊறியதைத் தாண்டிவிட்டது, தேங்காய்ப்பூவைக் கலக்கிறேன், சர்க்கரை கரைந்து கீழே ஓடுகிறது, ஐந்து பழம் வாங்கவில்லை, வாழைப்பழம் மட்டும் இருக்கிறது, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்ச் சிம்ஹாவுக்கு எதிரே தரையில் வைக்கிறேன், அவள் கை கீரையில் நிற்கிறது. சிம்ஹா, பிள்ளை வெறும் வயித்தோட போகல என்கிறேன், எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம், வெளியே வரும்போது உடைந்து வருகிறது, நீ வெந்நீர் வாங்கப் போயிருந்தப்ப குடுத்தேன், ஒரு ஸ்பூன், பயந்துபோய் உன்கிட்ட சொல்லல. அவள் காம்பை ஒரு பக்கம் இலையை ஒரு பக்கம் ஒதுக்குகிறாள், அவசரமில்லாமல், எனக்குத் தெரியும் என்கிறாள், குளிப்பாட்டும்போது பாத்தேன், கடவாய்ப் பல்லுல தேங்காய்ப்பூ இருந்துச்சு, அக்காவுக்குத் தெரியாம நாந்தான் விரலால எடுத்தேன். அப்படியானால் ஒரு வருஷமாக, ஒவ்வொரு வேளையும், அந்த வார்த்தை, அந்தப் பார்வை, ஒதுக்கிய கவளம், எல்லாம் தெரிந்துகொண்டா, ஏன் கேக்கல சிம்ஹா, என்கிறேன். நீங்களா சொல்லணும்னு இருந்தேன் என்கிறாள், எல்லாத்துக்கும் முந்துவீங்களே, இதுக்கு மட்டும் ஒரு வருஷம். அதற்குமேல் அவளால் அந்தக் குரலைக் கட்டி வைக்க முடியவில்லை, ஒரு வருஷம் வாசலுக்கு வெளியே நின்றது உள்ளே வந்துவிடுகிறது, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறாள், நான் தொடவில்லை, தொட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து நிமிர்ந்து, என்ன சொன்னா என்று கேட்கிறாள், நன்றிய மறுபடி சொல்லச் சொன்னா என்கிறேன், ஆமேன் சொன்னா, அப்புறம், அப்புறம் தண்ணி அதிகமாயிடுச்சு பப்பான்னா.

சிம்ஹா முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள், எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வருகிறாள், தாம்பாளத்தில் கை விட்டு ஒரு பிடி அவலை அள்ளுகிறாள், விரலிடுக்கில் வெள்ளைத் தண்ணீர் ஒழுகுகிறது, கண்ணை மூடிக்கொண்டு நன்றிச் சொல்லைச் சொல்லத் தொடங்குகிறாள், ஒரு வருஷமாக இந்த வீட்டில் யாரும் சொல்லாததை, குரல் கரகரத்து, ஒரு சொல் தவறி, திரும்பத் தொடங்கி, சொல்லி முடிக்கிறாள். சொல்லிவிட்டால் வாயில் போடும்வரை பேசக் கூடாது, அதனால் அவள் பேசவில்லை, கையை வாயருகில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், காத்திருக்கிறாள், கேட்டவன் சொல்ல வேண்டியதை நான் சொல்ல வேண்டும், என் உள்ளே தேடுகிறேன், நன்றி இல்லை, ஒரு பருக்கை அளவுகூட இல்லை, நாற்காலி சுவரோரம் காலியாக இருக்கிறது, தண்ணீர் அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடுகிறது, தூக்கிய கையை அவள் இறக்கவில்லை, அந்தக் கை வலிக்குமே என்று ஆமேன் சொன்னேன். சிம்ஹா அவலை வாயில் போட்டுக்கொண்டாள், மென்றாள், விழுங்க அவளுக்கும் வெகுநேரம் ஆயிற்று, பிறகு என்னைப் பார்த்து, ஆமாங்க, தண்ணி அதிகந்தான் என்றாள்.